ஒரே கோயிலில் ஜெபித்தால் திருமணம் நிலைக்குமா, டீச்சர்?

கேள்வி எழுதியவள் கேரள–தமிழ்நாடு எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் தமிழ் பேசும் லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். சின்ன வயதில் என்னிடம் ஞாயிறு மறைக்கல்வி படித்தவள். அவளுடைய அக்காவை ஒரே சபை, தெரிந்த குடும்பம் என்று பார்த்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் அக்கா கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது இவள் மனதுக்குப் பிடித்திருப்பவர் களியக்காவிளைப் பக்கத்தில் ஒரு இந்துக் குடும்பத்துப் பையன். நம்பிக்கை ஒன்றாக இருந்தால்தான் குடும்பம் நிலைக்கும் என்று அம்மா அழுகிறார். அக்காவுக்கு ஒன்றாகத்தானே இருந்தது என்று இவள் கேட்கிறாள். நம்பிக்கை உண்மையிலேயே ஒரு திருமணத்தைத் தாங்குமா, இல்லை பெரியவர்கள் சும்மா சொல்வதா?

மோளே, தாங்கும். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மா சொல்கிற விதத்தில் தாங்காது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேட்டில் இருக்கும் பெயர் ஒரு குடும்பத்தையும் காப்பாற்றியதில்லை. கோபத்தோடு படுத்த இரவுக்கு மறுநாள் காலையில் ஒரு மனிதர் என்ன செய்யப் பழகியிருக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம்பிக்கை அந்தப் பழக்கமாக இறங்கியிருந்தால் தாங்கும். இறங்காமல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு நின்றுவிட்டால் தாங்காது. உன் அக்கா வீட்டில் நடந்தது இரண்டாவது வகை.

நானும் என் வீட்டுக்காரரும் பல வருடமாகத் திருமணத் தயாரிப்பு வகுப்பில் பேசுகிறோம். கேரளத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் கலியாணத்துக்கு முன்னால் இந்த வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பீடத்தின் முன்னால் நீங்கள் சொல்லப்போகும் வாக்கை யாராவது ஒரு தடவை முழுசாகப் படித்திருக்கிறீர்களா? மண்டபம், கேட்டரிங், சேலை, வீடியோ எல்லாம் தெரியும். வாக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கு அச்சன் (பங்குச் சாமியார்) மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்ல, திருப்பிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இருப்பார்கள்.

அந்த வாக்குக்கு முன்னால் அச்சன் மூன்று கேள்வி கேட்பார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறீர்களா, வாழ்நாள் முழுவதும் ஒருவரை ஒருவர் நேசித்து மதிக்கத் தயாரா, கடவுள் தருகிற பிள்ளைகளை ஏற்று வளர்ப்பீர்களா என்று. அதற்குப் பிறகுதான், 'இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் நான் உனக்குப் பிரமாணிக்கமாயிருந்து, என் வாழ்நாளெல்லாம் உன்னை நேசிக்கவும் மதிக்கவும் வாக்களிக்கிறேன்.' பிரமாணிக்கம் என்றால் உண்மையாக இருப்பது. கவனித்துப் பார். நோயின் பெயரும் துன்பத்தின் பெயரும் கலியாணத்தன்றே, அத்தனை பூவுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் சொல்லப்படுகின்றன. பிடித்திருக்கும் வரைக்கும் என்று அதில் எங்கேயும் கிடையாது. பிடித்திருக்கிற நாளுக்கு வாக்கு எதற்கு? அன்றைக்கு யாரும் யாரையும் விட்டுப் போகப்போவதில்லை. மனம் வறண்டுபோகிற நாளுக்காகத்தான் ஊரைக் கூட்டி, தேவனைச் சாட்சி வைத்து, முன்கூட்டியே வாயைத் திறந்து சொல்லிவைக்கிறோம்.

இது நம்முடைய சபையில் மட்டும் உள்ளது என்று நினைக்காதே. நம் எல்லைப் பக்கத்தில் எத்தனை விதமான கலியாணம் நடக்கிறது பார். சீரோ மலபார் என்ற இன்னொரு கத்தோலிக்கப் பிரிவின் வீடுகளில், மணமகன் கொடுக்கிற மந்திரகோடி என்ற மணப்புடவையில் இருந்து ஏழு நூல் உருவி, அதைத் திரித்து, அதில்தான் மின்னு என்கிற தாலியைக் கோத்துக் கட்டுவார்கள். அதற்கு முன்னாலேயே மனசம்மதம் என்று தனியாக ஒரு நாள், கோயிலில் சம்மதத்தைக் கேட்டு வாங்குவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். தக்கலை, தேங்காய்ப்பட்டணம் பக்கம் நிக்காஹ் என்றால் அது சாட்சிகள் முன்னால் செய்யப்படும் ஒப்பந்தம். பெண்ணுக்கு மணமகன் கொடுக்க வேண்டிய மஹர் அதில் பேசி எழுதப்படும். இந்து வீட்டில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறார்கள். ஏழடி வைப்பது வழக்கமாக உள்ள கலியாணத்தில், தீயின் முன்னால் வைக்கிற ஏழாவது அடியோடு திருமணம் முழுமையாகிறது என்று 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமே சொல்கிறது. சடங்கு வேறு வேறு. ஆனால் இரண்டு பேர் தங்களுக்குள் ரகசியமாகப் பேசி முடித்துக்கொள்ளும் காரியமாக இதை எந்த வழியும் விட்டுவைக்கவில்லை. தங்களைவிடப் பெரிய ஒன்றின் முன்னால், நாலு பேர் பார்க்க, பின்வாங்க முடியாத மாதிரி சொல்லவைத்திருக்கிறார்கள்.

சரி, அந்த வாக்கு எப்படி அன்றாட வாழ்க்கைக்குள் வருகிறது? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். வகுப்பில் சொல்லிக்கொள்ளுங்கள் டீச்சர் என்று அவர்களே அனுமதி கொடுத்ததுதான். அவர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறும் முன்னால் அவர் மனைவி வாளியோடு போய்ச் சிரட்டைகளில் இருந்து பாலை எடுப்பார். அப்புறம் ஆசிட் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பது இரண்டு பேரும் சேர்ந்தே செய்ய வேண்டிய வேலை. ஒரு வருடம் அவர் அவளிடம் சொல்லாமல் அவளுடைய வளையல்களை அடகு வைத்துத் தன் தம்பிக்குப் பணம் கொடுத்துவிட்டார். அவளுக்குத் தெரிந்தபோது வீடு இரண்டாகிவிட்டது. ஷீட் அடிக்கும்போதும் பேச்சு கிடையாது. ஒருவர் தள்ளுவார், மற்றவர் இழுப்பார், அவ்வளவுதான். சோறு தட்டில் வைத்து மூடியிருக்கும், எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

ஆனால் மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை நிற்கவில்லை. பிள்ளைகள் பாய் விரித்துவிடுவார்கள். அவர் முழங்காலில் நின்று, 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று பாதியைச் சொல்லுவார். மறுபாதியை அவள்தான் சொல்லியாக வேண்டும்: 'புனித மரியே, இறைவனின் தாயே.' 53 மணி. நான் ஒரு மாலை ஏதோ காரியமாக அங்கே போய் வாசலில் காத்து நின்றேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் அவ்வளவு கோபம். ஆனாலும் ஒரு மணியைக்கூட விடவில்லை. பல வாரம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் ஜெபம் முடிந்து பிள்ளைகள் ஸ்தோத்திரம் சொல்லி எழுந்ததும், அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டிருக்கிறாள்: 'எந்த பேங்குல வச்சிருக்கு?' அவர் சீட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். வட்டி எவ்வளவு, தவணை என்றைக்கு, தம்பி எவ்வளவு திருப்பித் தந்தான் என்று எல்லாக் கணக்கும் அன்றைக்குத்தான் அவிழ்ந்தது. நகை திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போதும் அந்தப் பேச்சு வந்தால் அவள் முகம் மாறும். ஆனால் அவர்கள் சேர்ந்து இருக்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள்.

ஜெபம் அங்கே வளையலை மீட்டுத் தரவில்லை. தம்பியையும் திருத்தவில்லை. வேறு எல்லா இடத்திலும் பேச்சு அறுந்துபோன ஒரு வீட்டில், இரண்டு குரலும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு அரைமணி நேரத்தை அது காத்துவைத்திருந்தது. இன்னொன்றும் நடந்தது. தன்னைக் கேட்கிறவர் ஒருவர் மேலே இருக்கிறார் என்று அவர் நிஜமாகவே நம்பினார். மனைவி கேட்காத நாளிலும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. அதனால்தான் சீட்டைக் கேட்டவுடனே ஒளிக்காமல் எடுத்து வைத்தார். நான் நம்பிக்கை என்று சொல்வது இதைத்தான்.

இப்போது மறுபக்கம். ஒரே சபை, ஒரே கோயில் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற கலியாணங்களில் பலவற்றில் நம்பிக்கை பீடத்துக்கு வந்து சேரும் முன்னாலேயே செத்துவிடுகிறது. எங்கே என்று கேட்டால், பெண் வீட்டு நடுக்கூடத்தில், ஸ்ரீதனப் பேச்சில். 1961இலேயே வரதட்சணை தடைச் சட்டம் வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். ஆனால் நம் பக்கத்தில், மாநில எல்லைக்கு இந்தப் புறமும் சரி அந்தப் புறமும் சரி, எத்தனை பவுன், கார் எந்த மாடல், ரோட்டோரம் எத்தனை சென்ட் என்று பேசிவிட்டு, அப்படியே ஜெபம் செய்து சாயா குடித்து எழுகிறார்கள். ஒரு பெண்ணை எடை போட்டு வாங்கிக்கொண்டு போனவன் அவளுக்குப் பிரமாணிக்கமாக இருப்பான் என்று எதை வைத்து எதிர்பார்ப்பது? இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் குரல் உயர்ந்துவிடும். உயரட்டும்.

உன் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதில் என் மனதைப் பிசைந்தது ஒரு வரி. 'அக்கா பிரிந்து வந்ததில் இருந்து நற்கருணை வாங்குவதில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுகிறாள், அது பாவம் என்று யாரோ சொன்னார்களாம்.' மோளே, இதை இன்றைக்கே அவளிடம் சொல். கணவனைப் பிரிந்து வாழ்வதாலேயே ஒருவருக்குப் பூசையில் தருகிற நற்கருணை அப்பம் மறுக்கப்படுவதில்லை. சட்டப்படி விவாகரத்து வாங்கியிருந்தாலும், வேறு கலியாணம் செய்துகொள்ளாதவரை அவள் தாராளமாக வாங்கலாம். தன்னுடைய உரிமையையும் பிள்ளையையும் காப்பாற்ற வேறு வழி இல்லாதபோது நீதிமன்ற விவாகரத்தைக்கூடக் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்றுதான் திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. அதோடு, துணைவரோ பிள்ளைகளோ உடலுக்கும் மனதுக்கும் பெரிய ஆபத்தில் இருந்தால் பிரிந்து போகலாம் என்று திருச்சபைச் சட்டத்தில் 1153ஆம் விதியாகவே எழுதியிருக்கிறது. அடி வாங்கிக்கொண்டு இருப்பதுதான் சிலுவை சுமப்பது என்று எந்த அச்சனாவது, எந்தப் பாட்டியாவது சொன்னால், அது திருச்சபையின் போதனை கிடையாது. நிலைத்திருக்கிற அன்பு வேறு, அடிக்குப் பழகிப்போவது வேறு.

அக்காவின் கணவன் குடிநோய்க்கு முன்பே சிகிச்சை எடுத்திருந்தான், அதை அவன் வீட்டார் மறைத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இன்னொரு வழியும் உண்டு. இல்வாழ்வையே குலைக்கக்கூடிய ஒரு விஷயத்தை, சம்மதம் வாங்குவதற்காகவே மறைத்துக் கட்டியிருந்தால், அந்தச் சம்மதமே செல்லுமா என்று திருச்சபையின் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். இது விவாகரத்து கிடையாது. ஆரம்பத்தில் இருந்தே அந்தத் திருமணம் செல்லத்தக்கதாக இருந்ததா என்று விசாரிப்பது. முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே மாதிரித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்ததால் வருடக்கணக்கில் இழுக்கும். 2015இல் போப் பிரான்சிஸ் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார். செல்லாது என்று தீர்ப்பு வந்தால் குழந்தைக்குக் களங்கம் வருமோ என்று அம்மா பயப்படுவார். வராது. நல்ல எண்ணத்தோடு செய்துகொண்ட திருமணத்தில் பிறந்த பிள்ளை முறையான பிள்ளைதான் என்று அதே திருச்சபைச் சட்டம் சொல்கிறது. தீர்ப்பு எப்படி வரும் என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆனால் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. வீட்டு வாசலில் அவன் இன்னும் வந்து தகராறு செய்கிறான் என்றால் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடச் சொல். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம்.

கலியாணத்துக்கு முன்னால் அச்சன் பெண்ணையும் பையனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, எதையாவது மறைக்கிறீர்களா என்று கேட்பதற்குத்தான் அது. ஆனால் எத்தனையோ பெண்கள் வெளியே மாமன் காத்திருக்கிறார் என்ற நினைப்பிலேயே 'இல்ல அச்சோ' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். உன் முறை வரும்போது அந்த அறையில் நிதானமாக உட்கார். கதவைச் சாத்தச் சொல்.

அம்மா சொல்கிற 'அந்தக் காலத்தில் எல்லோரும் நிலைத்திருந்தார்கள்' என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் காலத்தில்? இங்கிருந்து கிழக்கே நாஞ்சில் நாட்டில், தமிழ் பேசுகிற வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி இருந்தது. ஒருவர் இறந்தால் சொத்து அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். மனைவியும் பிள்ளைகளும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஒருவரே அடுத்தடுத்துப் பல பேரைக் கட்டுவதும் நடந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மருமக்கள் வழி மான்மியத்தை எழுதியது இந்தக் கொடுமையைப் பார்த்துத்தான். ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் பேசுகிற மாதிரி எழுதினார். திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1925–26இல் கொண்டுவந்த பிறகுதான் அந்த முறை மாறியது. அந்த வீடுகளில் சாமி இல்லையா, விளக்கு வைக்கவில்லையா? எல்லாம் இருந்தது. மனைவிக்கும் பிள்ளைக்கும் காலூன்ற ஒரு சென்ட் நிலம் மட்டும் இல்லை. ஆகவே நம்பிக்கை இருந்தால் போதும், சட்டமும் சொத்தும் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இராதே. உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, உன் கையில் ஒரு வேலை, உன் பெயர் போட்ட பத்திரம் எல்லாம் வாக்குக்கு எதிரி இல்லை. போக்கிடம் இல்லாததால் ஒரு வீட்டில் இருப்பவளைக் காட்டி, பார் எவ்வளவு பிரமாணிக்கம் என்று புகழ்வது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

வாக்குக்கு ஒரு எல்லையும் உண்டு, அதையும் நம்பிக்கையே வரைந்திருக்கிறது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி கரைகளை நீ அறிவாய். இருப்பது தமிழ்நாட்டில், பங்குகள் சேர்ந்திருப்பது திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில். ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பாத ஆண்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் அப்படிப் போனவர்களில் பலர் உடலாகக்கூடத் திரும்பவில்லை. ஏழு வருடம் தகவல் இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது நாட்டுச் சட்டம். திருச்சபையோ வருடத்தை மட்டும் எண்ணுவதில்லை. சாட்சிகளையும் சூழ்நிலையையும் விசாரித்து, இறந்துவிட்டார் என்று ஆயருக்கு (பிஷப்புக்கு) மனதில் உறுதி வந்தால் அறிவிப்பார். அதன்பிறகு அந்தப் பெண் விரும்பினால் மறுமணம் செய்யலாம். விரும்பாமல் அவன் நினைவோடு பிள்ளைகளை வளர்த்தாலும் அது அவளுடைய சுதந்திரம். வாக்கு உயிர் இருக்கும்வரைதான். அதற்கப்பால் ஒருத்தியைப் பிடித்துக் கட்டிவைக்க ஊருக்கோ மாமியாருக்கோ அதிகாரம் இல்லை. அந்தக் கரையில் மறுமணம் செய்துகொண்டவளைப் பற்றியும் செய்யாதவளைப் பற்றியும் வம்பு பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடவுளே இல்லை என்று சொல்லிவிட்டு மாலை மாற்றிக் கட்டிக்கொண்டு கடைசி மூச்சுவரை ஒருவரை ஒருவர் தாங்கிய தம்பதிகளும் உண்டு. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை 1967இல் அண்ணாதுரை அரசு சட்டமாக்கியது. அப்படிக் கட்டியவர்களில் எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியார், படுத்த படுக்கையாகிவிட்ட மனைவியைக் குளிப்பாட்டித் தலை சீவிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் எந்தக் கோயிலுக்கும் போனவர் இல்லை. கொடுத்த சொல்லைப் பெரிதாக நினைத்தவர். கடவுளின் கை அங்கேயும் இருந்தது என்று நான் நம்புகிறேன். அவர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

இனி உன் ஆளைப் பற்றி. அவர் இந்து என்பதால் நம்பிக்கை இல்லாதவர் என்று அம்மா பேசுவது தவறு. சபரிமலை மண்டலக் காலத்தில் மாலை போட்டு 41 நாள் விரதம் இருக்கிறவர் என்று எழுதியிருக்கிறாய். சிவராத்திரிக்கு முன்சிறையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயிலும் ஓடுகிறாராம். அப்படியானால், யாரும் பார்க்காத இடத்திலும் தன்னை அடக்கிக்கொள்ள அவர் ஒரு பயிற்சி எடுத்திருக்கிறார். நீ கவனிக்க வேண்டியது மாலை கழற்றிய பிறகு என்ன ஆகிறது என்பதை. விரத காலத்தில் எல்லோரையும் சாமி என்று கூப்பிட்டவர், தை பிறந்ததும் தன் அம்மாவிடமும் தங்கையிடமும் எப்படிப் பேசுகிறார்? கடன் வாங்கினால் சொன்ன தேதியில் கொடுக்கிறாரா? தான் செய்தது தப்பு என்று தெரிந்தால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வருகிறதா? வளைகுடா வேலைக்குப் போகும் யோசனை இருப்பதாகச் சொல்கிறாய். தூரத்தில் இருக்கும் மனைவியைச் சந்தேகப்படாமலும், தன்னைச் சந்தேகப்பட இடம் கொடுக்காமலும் இருக்கக்கூடியவரா? ஒவ்வொரு இரவும் வீடியோ கால் செய்து அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிற கணவன்மார்களை இங்கே பார்க்கிறோம். அது அன்பு என்று ஏமாந்துவிடாதே.

அதே கேள்விகளை உன்னிடமும் கேட்டுக்கொள். நீ கோயிலுக்குப் போகிறாய், சரி. மன்னிப்புக் கேட்க உனக்கு வருமா?

இரண்டு பேரும் தீர்மானித்தால் நடைமுறை இப்படி. திருமுழுக்குப் பெற்ற இருவருக்குள் நடப்பதுதான் திருவருட்சாதனம் (சாக்ரமெந்து) ஆகும். உங்களுடையது அப்படி ஆகாது. ஆனால் ஆயரின் விலக்கு அனுமதி வாங்கி ஆலயத்தில் நடத்தினால் அது செல்லத்தக்க திருமணம், வாழ்நாள் வாக்கும் அதேதான். அதற்கு நீ உன் விசுவாசத்தை விடமாட்டேன் என்றும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்க என்னால் முடிந்ததைச் செய்வேன் என்றும் வாக்குக் கொடுக்க வேண்டும். அவர் மதம் மாற வேண்டியதில்லை. நீ கொடுத்த வாக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. இங்கேதான் பல ஜோடிகள் வழுக்கி விழுகிறார்கள். பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, பிறந்த பிறகு இரண்டு பாட்டிகளும் தொட்டிலின் இரண்டு பக்கமும் நின்று இழுக்கிறார்கள். இப்போதே பேசுங்கள். காது குத்துவது எங்கே, பெயர் வைப்பது யார், ஓணத்துக்கு எங்கே, கிறிஸ்துமஸுக்கு எங்கே, இறந்தால் அடக்கமா தகனமா என்பது வரைக்கும் பேசுங்கள். அந்தப் பேச்சில் ஒத்துப்போக முடியவில்லை என்றால் கலியாணத்துக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. அந்த இடத்தில் அம்மாவின் பயத்துக்கு நியாயம் உண்டு. ஜெபிக்கிற குரலும் பதில் சொல்கிற குரலும் ஒன்றாக இருப்பது பெரிய பலம். அது உங்களுக்குக் கிடைக்காது என்றால், அதற்குப் பதிலாக இருவரும் தினமும் உட்கார்ந்து பேசுகிற ஒரு நேரத்தை நீங்களாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, கோயிலில் தாலி கட்டி இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இருவரும் இந்துவாக இருந்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தும். இந்துவும் கிறிஸ்தவரும் அதன்கீழ் செய்த திருமணம் செல்லாது என்று 2008இல் ஆந்திரத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உங்களுக்கு உள்ளது 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். உங்களில் ஒருவராவது குறைந்தது 30 நாள் குடியிருக்கும் மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்படும். 30 நாள் கழித்து, மூன்று சாட்சிகளோடு போய்ச் செய்துகொள்ளலாம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஆலயத்தில் தேதி குறிக்கும் முன்னால் இந்த நாட்களைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். விலக்கு அனுமதிக்கும் ஆயர் இல்லத்தில் நேரம் எடுக்கும். கடைசி வாரத்தில் ஓடி வந்து அச்சனைக் கெஞ்சுவதால் பிரயோஜனமில்லை.

அம்மாவிடம் நான் பேசுகிறேன். அவர் அழுவது பையனின் மதத்துக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியவளுக்கு நடந்தது இன்னும் அவர் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. முதலில் அக்காவை இந்த ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குக் கூட்டிக்கொண்டு வா. முன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரட்டும், நானும் அவளும் சேர்ந்தே நற்கருணைக்குப் போகிறோம். அடுத்த வாரம் உன் ஆளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வா. என் வீட்டுக்காரர் அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.